இரண்டு எழுத்துக்கு நடுவே

'வீடு' என்ற சொல்லின் முதல் எழுத்தில், வலது பக்கத்து நெட்டுக்கோட்டுக்குள், ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அவள் எடுத்த புகைப்படத்தில் அப்படி எதுவும் இல்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடமாக விளம்பரங்கள் வடிவமைக்கிறவளுக்குத் திரையில் முளைக்கும் கோளாறுகள் ஒன்றும் புதிதல்ல. படத்தின் அடுக்குகளில் அணைக்க மறந்த லேயர் ஒன்று, தெரியாமல் கைபட்டு விழுந்த கறை ஒன்று, எங்கோ ஒரு மூலையில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்து, அச்சுக்குப் போன பிறகு மானத்தை வாங்கும். அதனாலேயே எதையும் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கேலிதான், ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன்பு எல்லாரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

அன்று அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ரயில் ஓட்டும் கணவன் முந்தின நாளே வண்டியெடுத்துப் போயிருந்தான். மறுநாள்தான் திரும்புவான், வண்டியில் இருக்கும்வரை அவனுடைய போன் அணைந்தே கிடக்கும். வீட்டில் அவளும் ஆறு வயது மகளும் மட்டும். மகளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவாள். அவசரத்துக்குச் சுண்டு.

சுண்டு கூடத்து மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து என்று சொல்வதே தப்பு. மூக்கு தாளில் உரச, முதுகு வில்லாய் வளைந்து, மேசைமேல் கொட்டி வைத்தமாதிரி கிடந்தாள்.

"நிமிர்ந்து உக்காருடி. முதுகு கோணிக்கப் போகுது."

"உக்காந்துதாம்மா இருக்கேன்" என்றாள் சுண்டு, நிமிராமலேயே.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்கும் பேச்சு இது. தூக்கி இடுப்பில் வைத்தாலும் அப்படித்தான், எலும்பே இல்லாத பிள்ளைபோல் தோளில் சரிந்துவிடுவாள். அந்தச் சரிவும் கழுத்தில் படும் மூச்சும் அவளுக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

விளம்பரம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு. சுற்றிலும் வெறும் வெள்ளை, நடுவில் ராட்சச அளவில் 'வீடு', எழுத்துகளுக்குள் ஒரு வீட்டின் படம். எழுத்தை ஜன்னலாக்குவது என்று அவள் இதைச் சொல்வாள். தடித்த ஃபாண்டில் சொல்லை அடித்து, மேலே புகைப்படத்தைப் போட்டு, எழுத்தின் உருவத்துக்குள் மட்டும் படம் தெரியும்படி மாஸ்க் கொடுத்துவிட்டால், சுவரில் எழுத்து வடிவத்தில் ஓட்டை போட்டு அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். நிறுவனத்தின் படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. இந்தத் தொழிலில் அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. கையில் கிடைத்த படத்தைப் போட்டு அளவு பார்ப்பார்கள், அசல் வந்ததும் மாற்றிக்கொள்வார்கள். அவளும் காலையில் நாற்காலியை விட்டு எழாமலேயே போனை நீட்டி, எதிரே தெரிந்த தன் வீட்டுக் கூடத்தைப் படம் பிடித்துப் போட்டாள். இடது பக்கம் படுக்கையறைக்குப் போகும் நடைவழி. வலது பக்கம் மேசையும் மஞ்சள் கவுனில் சுண்டுவும். நடைவழி 'வீ'க்குள் விழுந்தது. சுண்டு 'டு'வுக்குள் விழுந்தாள். பார்க்க அம்சமாக இருந்தது. அலுவலகத்தை நடத்துகிறவருக்கு, எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் மனிதருக்கு, மதியமே அந்த ஃபைலை லேயர்களோடு அப்படியே அனுப்பிவைத்தாள்.

இப்போது மணி நான்கு. மழைநீர் குழாயில் தொண்டை கனைத்துக்கொண்டு இறங்கியது. கொடியில் காயாத துணிகளின் வாடை அறை முழுக்க நின்றது. கம்ப்யூட்டரின் விசிறி ஒரே சீராக முனகியது. அதற்கு மேலே, கூடத்திலிருந்து, சுண்டுவின் கலர் பென்சில் தாளில் தேயும் சரசரப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இருட்டாத வானம், வெளிச்சமும் இல்லாத வானம். வேலைக்கு நல்ல பொழுது என்று நினைத்துக்கொண்டு பட்டையின் மேல் கர்சரை வைத்துப் பெரிதாக்கினாள்.

பட்டைக்கு ஒரு தோள் இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டாள். தனியாக இருக்கிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது, சத்தம் வராது. மாஸ்க்கை அணைத்தாள். முழுப் புகைப்படம் விரிந்தது: நடைவழி, பாதி திறந்த படுக்கையறைக் கதவு, கதவில் தொங்கும் துண்டு. வேறு ஒன்றும் இல்லை. துண்டுதான் எழுத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தோள்மாதிரி தெரிகிறது என்று முடிவு செய்து மாஸ்க்கைப் போட்டாள். நெட்டுக்கோட்டுக்குள் பட்டை நின்றது. துண்டு அதற்குப் பக்கத்தில், தனியாக, வெள்ளையாகத் தொங்கியது.

ஒவ்வொரு லேயராக அணைத்துப் பார்த்தாள். இருப்பதே மூன்று லேயர்தான்: வெள்ளைப் பின்னணி, எழுத்து, படம். படத்தை அணைத்தால் பட்டை போனது. படத்தைத் தனியாகப் பார்த்தாலும் பட்டை போனது. எழுத்து வழியாகப் படத்தைப் பார்த்தால் மட்டும் வந்தது.

சரி, ஃபாண்டை மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. மண்டையைக் குடைவதற்குப் பதிலாக எதையாவது மாற்றிப் பார்ப்பது அவளுடைய பழக்கம். தடித்த ஃபாண்டை விட்டுவிட்டு ஒல்லியான ஒன்றை எடுத்தாள். எழுத்தின் கோடுகள் மெலிந்தன. நியாயப்படி பார்த்தால் உருவம் இருபக்கமும் வெட்டுப்பட்டு ஒரு கீற்றாக ஆகியிருக்க வேண்டும்.

வெட்டுப்படவில்லை. ஒடுங்கியிருந்தது. இரண்டு தோளும் முன்னால் மடங்கி, கைகள் தொடையோடு ஒட்டி, குறுகிய சந்தில் ஒருவன் பக்கவாட்டில் நுழைந்து நிற்பதுபோல, கோட்டின் அகலத்துக்குச் சரியாக நின்றது. ஃபாண்ட் மாறியதில் எழுத்தின் உயரமும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதனால் தலைக்கு இடம் போதவில்லை. 'வீ'யின் உச்சியிலிருந்து எழும்பி வலப்பக்கமாக வளையும் கொக்கி இருக்கிறதே, தலை அதற்குள் போயிருந்தது. கழுத்து கொக்கியோடு வளைந்திருந்தது. கழுத்து வளையக்கூடிய அளவுக்கு மேலே வளைந்திருந்தது.

தலையைத் தூக்கித் திரைக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தாள். எந்த இடத்திலிருந்து படம் எடுத்தாளோ அதே நாற்காலியில்தான் இருந்தாள். திரையில் இருப்பதும் எதிரே இருப்பதும் ஒரே காட்சி. நடைவழி காலியாக இருந்தது. துண்டு தொங்கியது. சுண்டு வரைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா அங்கயே பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நீ வரை."

"பூச்சியா?"

"இல்லடி. சும்மா."

அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. திரும்பத் திரையைப் பார்த்தாள். எழுத்தை அசைக்காமல் படத்தை மட்டும் இடப்பக்கம் நகர்த்தினால் நடைவழி எழுத்தை விட்டு வெளியே போய்விடும், அதோடு இதுவும் ஒழியும் என்று நினைத்தாள். நகர்த்தினாள். நடைவழி போனது, கதவு போனது, துண்டு போனது. 'வீ'க்குள் இப்போது கூடத்தின் வெறும் சுவர். சுவரின் முன்னால் அது நின்றது.

அப்படியானால் அது படத்தில் இல்லை. எழுத்தில் இருக்கிறது.

நகர்த்தியதில் சுண்டுவும் நகர்ந்து 'டு'வின் இடது ஓரத்துக்கு வந்திருந்தாள். பதறிப்போய் ஒரு படி பின்வாங்கினாள். படம் பழைய இடத்துக்குப் போனது. சொல்லையே மாற்றினாள். 'மழை' என்று அடித்தாள். 'ழை'க்குள் சுண்டு இருந்தாள். அதற்கு முந்தின எழுத்தில், மடங்கி, முட்டி நெஞ்சைத் தொட, அது இருந்தது. 'கதவு' என்று அடித்தாள். 'வு'க்குள் சுண்டு. 'த'வுக்குள் அது. படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். சுண்டு முதல் எழுத்துக்குப் போனாள். அது இரண்டாம் எழுத்துக்கு வந்தது. எந்தச் சொல்லை அடித்தாலும், எத்தனை எழுத்து போட்டாலும், சுண்டுவுக்கு அடுத்த எழுத்து அதற்கு.

பழைய 'வீடு'வுக்கே திரும்பினாள். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்த இடத்தில் அது நிற்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தாள். காலையில் அவளே சுண்டுவுக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். 'டு'வுக்குள் இருந்த சுண்டுவுக்கு ஒரு பின்னல் அவிழ்ந்து முடி கலைந்து கிடந்தது. மாஸ்க்கை அணைத்தாள்: இரண்டு பின்னல். போட்டாள்: ஒரு பின்னல். கூடத்தைப் பார்த்தாள். சுண்டு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவிழ்ந்த பக்கத்து முடியை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். எழுத்துக்குள்ளும் முடியில் விரல்.

புகைப்படம் காலையில் எடுத்தது. எழுத்துக்குள் இருப்பது இப்போது.

கத்த வேண்டும்போல இருந்தது. சுண்டு பயந்துவிடுவாள் என்று கத்தவில்லை. கைகள் விசைப்பலகை மேல் கிடந்தன, பழக்கம் விடாமல் அவை தாமாக வேலை செய்தன. மனது குழம்பினால் எழுத்துகளுக்கு நடுவில் கர்சரை வைத்து இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பாள், சிலர் நகம் கடிக்கிற மாதிரி. ஆல்ட் விசையோடு இடது அம்பைத் தட்டினால் எழுத்துகள் நெருங்கும், வலது அம்பைத் தட்டினால் விலகும். தன்னையறியாமல் இடது அம்பை நாலைந்து தடவை தட்டியிருந்தாள்.

'வீ'க்கும் 'டு'வுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இருந்த வெள்ளை, நூலாக இளைத்திருந்தது.

நெட்டுக்கோட்டின் விளிம்பில் நான்கு விரல்கள் இருந்தன.

ஜன்னல் சட்டத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தன. உள்ளிருந்து. கொக்கிக்குள் வளைந்திருந்த தலை சுண்டு இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது. முகம் என்று எதுவும் தெரியவில்லை. கூடத்தில் பென்சில் சத்தம் நின்றது.

"அம்மா, ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது."

வலது அம்பு. வலது அம்பு. வலது அம்பு. வெள்ளை அகன்றது. விரல்கள் விளிம்பை விட்டன. தலை பழையபடி திரும்பிக்கொண்டது. அவள் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள், இரண்டு எழுத்தும் திரையின் இரண்டு ஓரத்துக்குப் போய், நடுவில் ஒரு தெருவே போகும் அளவுக்கு வெள்ளை விரியும்வரை. அது கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கழுத்து வளைந்து, முன்போல நின்றது. கூடத்தில் பென்சில் மறுபடி சரசரத்தது.

ஆக, இந்த வெள்ளைதான் மூடிய கதவு. இது இருக்கும்வரை அதனால் தாண்ட முடியாது. அவள் மூச்சை விட்டாள். மூச்சு பாதியில் நின்றது.

மதியம் அனுப்பிய ஃபைல்.

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன பூதக்கண்ணாடி, அசத்திட்ட போ! கம்பெனிக்காரர் இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்கார். ரொம்பப் பிடிச்சிருக்கு அவருக்கு. ஒரே ஒரு குறைதான்."

அவளுக்கு அது என்ன குறை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் காத்திருந்தாள், சொல்லாமலே விட்டுவிடுவார் என்பதுபோல.

"எழுத்து ரெண்டும் சண்டை போட்டுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது. வீடுன்னா ஒண்ணா இருக்க வேண்டாமா? ஒட்டிடலாம். ஒண்ணோட ஒண்ணு தொடட்டும்."

"வேணாம்ணா."

"ஏம்மா?"

"வேணாம்ணா. அந்தப் படமே வேணாம். அது சும்மா அளவுக்குப் போட்டது. நான் வேற படம் வெச்சு இப்பவே அனுப்பறேன். அந்த ஃபைல அழிச்சிடுங்க. தயவுசெஞ்சு."

"பாப்பா படம் இருக்கேன்னு பாக்கறியா? அசல் வந்ததும் மாத்தப்போறோம். இன்னிக்கு இவருக்குக் காட்டத்தான்."

"அண்ணா, முதல் எழுத்துல, நெட்டுக்கோட்டுல, உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். யாரோ தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார்கள்.

"ஏதோ இருட்டா கோடு மாதிரி இருக்கு. நிழல்தானே? நல்லாத்தான் இருக்கு, ஒரு ஆழம் குடுக்குது."

"அது நிழல் இல்லண்ணா."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். வேறு என்னவென்று சொல்வது? சொன்னால் காய்ச்சலா என்று கேட்பார். அவர் கேட்கவும் செய்தார்.

"உடம்பு சரியில்லையா? குரலே ஒரு மாதிரி இருக்கே. நீ போய்ப் படு. நானே பாத்துக்கறேன், ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சது. நீ கத்துக் குடுத்ததுதானே."

"அண்ணா, அண்ணா, கேளுங்க..."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டாள். வேறொரு இணைப்பில் இருப்பதாகக் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல், அதே பணிவு. கணவனைக் கூப்பிட்டாள். அணைந்திருந்தது. அணைந்திருக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

பிறகு அவள் செய்ததுதான் மடத்தனம். தன்னிடமிருந்த ஃபைலை அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். கம்ப்யூட்டரையே அணைத்தாள். விசிறியின் முனகல் இறங்கி இறங்கி அடங்கியது, திரை கறுத்தது, கறுத்த திரையில் அவளுடைய முகமும் பின்னால் ஜன்னலும் தெரிந்தன. அண்ணனிடம் இருக்கும் ஃபைலுக்கு இதனால் ஒரு கீறலும் விழாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இருந்த ஒரே வசதி, அது எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிந்ததுதான். அதையும் தன் கையாலேயே மூடிவிட்டாள்.

எழுந்தாள். தன் மேசையிலிருந்து கூடத்துக்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடியையும் நடைவழியைப் பார்க்காமல், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கடந்தாள்.

"எழுந்திரு சுண்டு. வெளிய போலாம்."

"மழை பெய்யுதே."

"பரவால்ல."

"இன்னும் கூரைதாம்மா பாக்கி..."

"எழுந்திருன்னு சொன்னேன்ல!"

சுண்டுவின் கீழுதடு பிதுங்கியது. அம்மா இப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. சரி சரி என்று பிள்ளையின் தலையைத் தடவினாள், அவிழ்ந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். செருப்புகள் நடைவழியில், அலமாரிக்கு அடியில் இருந்தன. அங்கே போக மாட்டாள். வெறுங்காலோடு போகலாம். பிள்ளையை அப்படியே அள்ளித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சுண்டு வழக்கம்போலத் தோளில் சரிந்தாள். தாடை அவள் கழுத்துப் பள்ளத்தில் வந்து பொருந்தியது. சூடான, கொஞ்சம் பென்சில் வாடை கலந்த மூச்சு.

இதோ இருக்கிறாள். கையில்தான் இருக்கிறாள். என் கையிலிருந்து எது எடுத்துக்கொண்டு போய்விடும்?

வாசல் கதவைத் திறந்தாள். சாத்தினாள். பூட்டினாள், வெளியிலிருந்து, இரண்டு சுற்று. மூன்று மாடி இறங்க வேண்டும். மாடிப்படியின் சுவர் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு விளக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் அவர்கள் இரண்டு பேரின் நிழல் ஒன்றாகப் படிகளில் மடிந்து மடிந்து இறங்கியது. நிழலைப் பார்க்காதே. படியைப் பார். எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது.

"எங்கம்மா போறோம்?"

"அண்ணன் மாமா ஆபீசுக்கு."

"அங்க பிஸ்கட் குடுப்பாங்களே."

"ஆமாண்டா கண்ணு."

"நாலு எடுத்துக்கவா?"

"பத்துகூட எடுத்துக்கோ."

சுண்டு அவள் தோளுக்குள்ளேயே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோ பிடித்தால் பதினைந்து நிமிடம். போய் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடலாம். காலில் விழுந்தாவது. பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். அதுவரை அந்த மனிதர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், வழக்கம்போலப் பழைய கதை எதையாவது ஆரம்பித்து, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் வாயாடிதான். இன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேசட்டும்.

இரண்டாம் தளம். முதல் தளம். தெருக்கதவு தெரிந்தது. அதற்கு அப்பால் மழை.

போன் ஒரு தடவை அதிர்ந்தது.

நின்றாள். பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பார்க்காவிட்டால் அது நடந்திருக்காதா என்ன. ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு மறு கையால் போனை எடுத்தாள்.

அண்ணனிடமிருந்து ஒரு படம். அடியில் ஒரு வரி. 'இப்ப பாரு, எவ்ளோ கச்சிதமா இருக்கு!'

இரண்டு எழுத்தும் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் வெள்ளை இல்லை. நூலளவுகூட இல்லை. 'வீ'யின் நெட்டுக்கோடும் 'டு'வின் நெட்டுக்கோடும் ஒரே சுவராகச் சேர்ந்துவிட்டிருந்தன.

நெட்டுக்கோட்டில் யாரும் இல்லை.

'டு'வுக்குள் மேசை இருந்தது. தாள் இருந்தது, கூரை போடாத ஒரு வீடு அதில். நாற்காலி காலியாக இருந்தது. காலியாகத்தானே இருக்கும். சுண்டு என்னிடம் இருக்கிறாளே. நான்தானே தூக்கிக்கொண்டு வந்தேன். காலியாக இருப்பதுதான் சரி.

அதோடு போனைப் பையில் போட்டிருக்கலாம். ஆனால் பெரிதாக்கிப் பார்க்காமல் எதையும் விட்டுப் பழக்கமில்லை அவளுக்கு. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் திரையில் வைத்து விரித்தாள்.

'வீ'யின் உச்சியில், கொக்கி சுழிந்து முடியும் இடத்தில், ஒரு மஞ்சள் புள்ளி.

இன்னும் விரித்தாள்.

மஞ்சள் கவுன். சுழியின் வளைவுக்கு ஏற்ப மடங்கிய முதுகு. முட்டிக்குள் திணிக்கப்பட்ட தலை. ஒரு பின்னல். மறு பக்கத்து முடி, காதுக்குப் பின்னால், அவள் சற்று முன்பு ஒதுக்கிவிட்டபடியே இருந்தது. எழுத்தின் விளிம்பில் ஒரு சின்ன உள்ளங்கை, வெள்ளையின் மேல் பதிந்து, கண்ணாடியை உள்ளிருந்து தட்டுவதுபோல. வாய் திறந்திருந்தது. 'அம்மா' என்று சொல்லும்போது திறக்கும் அளவுக்கு.

மாடிப்படி விளக்கு கொஞ்சம் மங்கியது, திரும்பப் பிரகாசமானது. தெருவில் மழை பெய்துகொண்டே இருந்தது.

அவள் அசையவில்லை. கழுத்தில் படும் மூச்சு சூடாக இல்லை. ஈரச் சாக்கு வாடை. எப்போதிலிருந்து? எந்தப் படியிலிருந்து?

தோளில் சரிந்திருந்த தலை எழுந்தது. மெதுவாக. பிறகு இடுப்பிலிருந்த முதுகு, அவளுடைய கைக்கு அடியில், ஒவ்வொரு எலும்பாக, நெடுநேரம் குறுகிய இடத்தில் மடங்கிக் கிடந்தவர்கள் சோம்பல் முறிக்கிற மாதிரி நீண்டுகொண்டே போனது. ஆறு வயதுப் பிள்ளையின் முதுகு முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் நீண்டது. சுவரில் நிழல் உயர்ந்தது.

அவள் தலைக்கு மேலிருந்து, சுண்டுவின் குரலில், அது சொன்னது.

"நிமிர்ந்துட்டேம்மா."